சொந்த வழங்கியில் வலைப்பதிவு: நிறுவிய மறுநாள் தொடங்கும் வேலைகள்

ஒரு மெய்நிகர் வழங்கியை (சர்வரை) வாடகைக்கு எடுத்து, அதில் உபுண்டு இயங்குதளம், பக்கங்களை வாசகருக்குத் தரும் எஞ்சின்எக்ஸ், மரியாடிபி தரவுத்தளம், பி.எச்.பி. நிரல்மொழி, வலைப்பதிவை நடத்தும் வேர்ட்பிரஸ் ஆகியவற்றை நிறுவி முதல் பதிவை வெளியிடுவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை அந்த ஒரு மாலையோடு முடிந்துவிடுகின்றன. அதற்கடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் அந்த வழங்கி உங்களிடம் என்னென்ன கேட்கும் என்பதை இங்கே எழுதுகிறேன். நான் எடுத்துக்கொள்ளும் மாதிரி, 1 ஜிபி ரேமும் 25 ஜிபி வட்டும் கொண்ட சிறிய வழங்கி. அதில் ஒரே ஒரு வேர்ட்பிரஸ் தளம் இருக்கிறது; அதைக் கவனிப்பவர் ஒருவர், அவருக்கு வேறு வேலையும் குடும்பமும் உண்டு.

தொடங்கும்முன் ஒரு கணக்கைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பராமரிப்பு வேலையின் அளவு, நீங்கள் எவ்வளவு எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தோ, எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தோ ஏறி இறங்குவதில்லை. நீங்கள் நிறுவி வைத்திருக்கும் பாகங்களின் எண்ணிக்கைதான் அதைத் தீர்மானிக்கிறது. வாரம் மூன்று பதிவு எழுதுபவருக்கும், ஆறு மாதமாக ஒரு வரிகூட எழுதாதவருக்கும், ஒரே எண்ணிக்கையில் செருகுநிரல்கள் (வேர்ட்பிரஸில் கூடுதல் வசதி சேர்க்கும் பிளகின்கள்) இருந்தால் வேலையும் ஒன்றுதான். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் கரையான் வரும். எனவே கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் "இந்தப் பாகம் எனக்குத் தேவைதானா" என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்டுக்கொள்ளுங்கள். பாகத்தை நீக்குவதைவிட மலிவான பராமரிப்பு முறை எதையும் நான் இதுவரை கண்டதில்லை.

படி 1: காலாவதித் தேதிகளின் பட்டியல்

ஒரு தாளிலோ எளிய உரைக்கோப்பிலோ உங்கள் தளம் நிற்கும் ஒவ்வொரு பாகத்தையும், அதற்கான ஆதரவு எப்போது முடிகிறது என்பதையும் எழுதுங்கள். அந்தக் கோப்பு அதே வழங்கியில் இருக்கக் கூடாது.

உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு 5 ஆண்டுகள் வழக்கமான ஆதரவு உண்டு. 20.04 பதிப்புக்கு அது 2025 மே மாதத்தோடு முடிந்தது, 22.04-க்கு 2027-லும் 24.04-க்கு 2029-லும் முடியும். உபுண்டு புரோ என்ற சந்தாவில் சேர்ந்தால் மேலும் 5 ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். தனிநபர்கள் 5 கணினிகள் வரை அதைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்பதால் சிறிய தளக்காரர்கள் அதைத் தவறவிடக் கூடாது.

பி.எச்.பி.யில் 8.1 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 டிசம்பர் 31 வரை; 8.2-க்கு 2026 இறுதி வரை, 8.3-க்கு 2027 இறுதி வரை, 8.4-க்கு 2028 இறுதி வரை. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. உபுண்டுவின் சொந்த மென்பொருள் களஞ்சியத்திலிருந்து பி.எச்.பி.யை நிறுவியிருந்தால், மூலத் திட்டம் கைவிட்ட பிறகும் அந்த உபுண்டு பதிப்பின் ஆயுள் வரை பாதுகாப்புத் திருத்தங்களை உபுண்டுவே பின்னோக்கிச் சேர்த்துத் தரும். புதிய பதிப்பு வேண்டுமென்று வெளிக் களஞ்சியத்திலிருந்து நிறுவியிருந்தால், மேலே சொன்ன தேதிகள்தான் உங்களைக் கட்டுப்படுத்தும். ஆர்வத்தில் வெளிக் களஞ்சியத்தைச் சேர்ப்பவர்கள், தாமே ஒரு கூடுதல் நாட்காட்டியைச் சுவரில் மாட்டிக்கொள்கிறோம் என்பதை அறிந்து செய்ய வேண்டும்.

செருகுநிரல்களுக்குக் காலாவதித் தேதி என்று ஒன்று அச்சிடப்படுவதில்லை. ஆகவே ஒவ்வொன்றுக்கும் எதிரே, கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட மாதத்தையும் "இதை நீக்கினால் வாசகர் எதை இழப்பார்" என்பதையும் எழுதுங்கள். இரண்டாவது கட்டத்தில் எழுத எதுவும் தோன்றாதவற்றை அன்றே நீக்கிவிடுங்கள். முடக்கி வைத்தால் போதாது: முடக்கிய செருகுநிரலின் கோப்புகள் வழங்கியிலேயே கிடக்கும், அவற்றை நேரடியாக அழைக்க முடிகிற குறை இருந்தால் அது அப்படியே திறந்திருக்கும்.

படி 2: டொமைனும் அதற்கான பணமும்

வழங்கி எரிந்துபோனால் வேறு வழங்கியில் ஏற்றிக்கொள்ளலாம். டொமைன் பெயர் கைமாறிவிட்டால் அத்தனை ஆண்டு இணைப்புகளும் போய்விடும். டாட் காம் போன்ற பொதுப் பெயர்களில், காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் பதிவாளர் (பெயரை உங்களுக்கு விற்ற நிறுவனம்) உங்களுக்கு நினைவூட்ட வேண்டும் என்பது டொமைன் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் அமைப்பின் விதி. காலாவதியான பின் பதிவாளரைப் பொறுத்து 45 நாள்கள் வரை சலுகைக்காலம் கிடைக்கலாம். பெயர் நீக்கப்பட்ட பின் கூடுதல் கட்டணத்துடன் மீட்பதற்கு 30 நாள்கள் உண்டு. கடைசி 5 நாள்களில் யாராலும் எதுவும் செய்ய முடியாது. இந்த நினைவூட்டல்கள் எந்த மின்னஞ்சலுக்கு வருகின்றன என்பதை இன்றே பாருங்கள். அந்த முகவரி உங்கள் அதே டொமைனில் இருந்தால், டொமைன் நின்ற நாளில் நினைவூட்டலும் சேர்ந்தே நின்றுவிடும்.

இந்தியாவிலிருந்து வெளிநாட்டுப் பதிவாளருக்குப் பணம் செலுத்துபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அட்டையிலிருந்து தொடர்ச்சியாகத் தானே பணம் எடுக்கப்படுவதற்கு, அட்டைக்காரர் கூடுதல் உறுதிப்படுத்தலுடன் இ-மேண்டேட் (தொடர் வசூலுக்கான முன்அனுமதி) பதிவு செய்திருக்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் ஏற்பாடு 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இந்த முறையில் இணையாத நிறுவனங்களின் தானியங்கி வசூல்கள் மறுக்கப்படும். "தானாகப் புதுப்பி" என்ற பொத்தான் பச்சையாக இருப்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். முடிந்தால் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரே தவணையாகக் கட்டிவிடுவது எளிது.

படி 3: காப்புநகல், அதைவிட முக்கியமாக மீட்டெடுப்பு

என் தளத்தில் இரவு இரண்டு மணிக்குத் தரவுத்தளத்தை ஒரு கோப்பாக வெளியேற்றி, சுருக்கி, வெளியே அனுப்பும் ஒரு சிறு நிரல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் தரவுத்தளக் கடவுச்சொல்லை மாற்றினேன். நிரலுக்குள் மாற்ற மறந்தேன். ஒவ்வோர் இரவும் அது ஒரு கோப்பை உருவாக்கி, அன்றைய தேதியிட்டு, ஒழுங்காக அனுப்பிக்கொண்டே இருந்தது. ஏழு வாரம் கழித்து வேறொரு காரணத்துக்காக அந்தக் கோப்பகத்தைத் திறந்தபோதுதான் எல்லாக் கோப்புகளும் 20 பைட்டுகளாக இருப்பதைக் கண்டேன். ஒன்றுமில்லாததை ஜிஸிப் நிரலில் சுருக்கினால் 20 பைட்டுதான் வரும். வழங்கி அந்த ஏழு வாரத்தில் பழுதாகாதது என் நல்ல நேரம்.

இது எனக்கு மட்டும் நேர்ந்த அசட்டுத்தனம் என்று நினைத்திருந்தேன். 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான வழங்கியில் தரவுத்தளக் கோப்பகத்தை நீக்கிவிட்டார். காப்புநகல்களைத் தேடியபோது, தரவுத்தளப் பதிப்புக்கும் வெளியேற்றும் நிரலின் பதிப்புக்கும் பொருந்தாததால் அவை உருவாகவே இல்லை என்று தெரிந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும், அனுப்புநரைச் சரிபார்க்கும் விதிகளில் சிக்கிப் பெறுநரைச் சென்றடையாமல் திரும்பியிருந்தன. சுமார் ஆறு மணி நேரத் தரவு போயிற்று. அதற்கு முன்பு, 2009 டிசம்பரில், ஜெஃப் அட்வுட் என்ற நிரலாளரின் கோடிங் ஹாரர் வலைப்பதிவு இருந்த மெய்நிகர் இயந்திரம் அழிந்தது. அவர் எடுத்து வைத்திருந்த காப்புநகல்கள் அதே இயந்திரத்துக்குள்ளேயே இருந்தன. பதிவுகளைத் தேடுபொறிகளின் தற்காலிக நகல்களிலிருந்தும் இணையக் காப்பகத்திலிருந்தும் பொறுக்கிச் சேர்க்க வேண்டியிருந்தது. 2021 மார்ச் 10 அதிகாலையில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில், வழங்கிகளை வாடகைக்குத் தரும் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று முழுதாக எரிந்தபோது, தளத்தையும் காப்புநகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் ஒருங்கே இழந்தார்கள்.

இவற்றிலிருந்து வரும் நடைமுறை எளிமையானது. தரவுத்தளம், பதிவேற்றிய படங்களின் கோப்பகம், வார்ப்புருவில் (தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமில்) நீங்கள் செய்த மாற்றங்கள், வேர்ட்பிரஸ் அமைவுக் கோப்பு, எஞ்சின்எக்ஸ் அமைவுகள், கிரான் பட்டியல் (குறித்த நேரத்தில் தாமாக ஓட வேண்டிய வேலைகளின் பட்டியல்) ஆகிய ஆறும் காப்புநகலில் இருக்க வேண்டும். கடைசி இரண்டைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மீட்டெடுக்கும் நாளில் அதிக நேரத்தைத் தின்பவை அவைதான். நகல்களில் ஒன்றாவது வேறு நிறுவனத்தின் சேமிப்பகத்திலோ உங்கள் வீட்டுக் கணினியிலோ இருக்கட்டும். ரெஸ்டிக், போர்க் போன்ற கருவிகள் மாறிய பகுதியை மட்டும், மறையாக்கம் செய்து அனுப்புகின்றன. 25 ஜிபி தளத்துக்கு மாதச் செலவு ஒரு தேநீர்க் கடைக் கணக்கைத் தாண்டாது.

வழங்கி தானே நகலை வெளியே தள்ளுவதைவிட, வெளியிலுள்ள கணினி வந்து நகலை இழுத்துக்கொள்வது பாதுகாப்பானது. வழங்கியிடம் சேமிப்பகத்தின் முழுச் சாவி இருந்தால், வழங்கிக்குள் நுழைந்தவர் காப்புநகல்களையும் அழித்துவிட்டுப் போவார். தள்ளித்தான் ஆகவேண்டும் என்றால், எழுத மட்டும் அனுமதித்து அழிக்க அனுமதிக்காத சாவியைக் கொடுங்கள்.

நிரலின் முடிவில் மூன்று சோதனைகளைச் சேருங்கள்: வெளியேற்றும் கட்டளை வெற்றியுடன் முடிந்ததா, கோப்பின் அளவு நேற்றைய அளவிலிருந்து பெரிதும் குறைந்திருக்கிறதா, கோப்பின் கடைசி வரியில் வெளியேற்றம் நிறைவுற்றது என்ற குறிப்பு இருக்கிறதா. பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு நாள் வாடகைக்கு வெற்று வழங்கி ஒன்றை எடுத்து, காப்புநகலை மட்டுமே வைத்துக்கொண்டு தளத்தை எழுப்பிப் பாருங்கள். பழைய வழங்கிக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதுதான் இந்த ஒத்திகையின் விதி. முதல்முறை எனக்கு நான்கரை மணி நேரம் ஆயிற்று; குறிப்புகளை எழுதிக்கொண்ட பிறகு மூன்றாம் முறை ஐம்பது நிமிடத்தில் முடிந்தது.

தமிழில் எழுதுபவர்களுக்கு இந்த ஒத்திகையில் கூடுதலாக ஒரு காரியம் உண்டு. எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். வேர்ட்பிரஸ் 2.2 பதிப்புக்கு, அதாவது 2007-க்கு, முன்பு தொடங்கிய தளங்களில், தரவுத்தள அட்டவணைகள் மேற்கத்திய எழுத்துகளுக்கான லத்தீன்-1 முறை என்று குறிக்கப்பட்டிருக்க, அவற்றுக்குள் யுடிஎஃப்-8 பைட்டுகள் ஒளிந்திருக்கும் வாய்ப்பு அதிகம். தளம் ஓடிக்கொண்டிருக்கும்வரை இந்தத் தவறு கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் எழுதும்போதும் படிக்கும்போதும் ஒரே தவறு நடந்து சரியாகிவிடுகிறது. வெளியேற்றிப் புதிய வழங்கியில் ஏற்றும்போது, ஒவ்வொரு தமிழ் எழுத்தும் மேற்கத்திய எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகிவிடும். மீட்டெடுத்த தளத்தில் முகப்பை மட்டும் பார்த்துவிட்டு எழாமல், மிகப் பழைய பதிவு ஒன்றையும், பின்னூட்டம் ஒன்றையும், எமோஜி இருக்கும் பதிவு ஒன்றையும் திறந்து பாருங்கள்.

படி 4: புதுப்பித்தல்

புதுப்பிப்புகள் நான்கு அடுக்குகளில் வருகின்றன: இயங்குதளம், பி.எச்.பி.யும் தரவுத்தளமும், வேர்ட்பிரஸின் மையம், செருகுநிரல்களும் வார்ப்புருவும். ஒவ்வோர் அடுக்குக்கும் தனி அணுகுமுறை வேண்டும்.

இயங்குதள அடுக்கில் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் என்ற தொகுப்பு பாதுகாப்புத் திருத்தங்களை நாள்தோறும் தானே ஏற்றிவிடும். ஆனால் இயல்பான அமைவில் அது வழங்கியை மறுதொடக்கம் செய்யாது. இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலின் திருத்தம் வட்டில் வந்து உட்கார்ந்திருக்கும். ஓடிக்கொண்டிருப்பது பழைய கெர்னலாகவே இருக்கும். "400 நாள்களாக நிற்காமல் ஓடுகிறது" என்று பெருமைப்படுபவரின் வழங்கி, பெரும்பாலும் 400 நாள்களாகக் கெர்னல் திருத்தம் எதையும் பெறாத வழங்கி. வாரத்தில் ஒரு நாள் அதிகாலை நான்கு மணிக்குத் தேவைப்பட்டால் தானே மறுதொடக்கம் ஆகும்படி அமைத்துவிடுங்கள். ஒரு வலைப்பதிவு இரண்டு நிமிடம் நின்றால் உலகம் நின்றுவிடாது. மறுதொடக்கத்துக்குப் பிறகு எல்லாச் சேவைகளும் தாமாக எழுகின்றனவா என்பதை முதல் முறை விழித்திருந்து பாருங்கள்.

வேர்ட்பிரஸ் மையத்தில், சிறு திருத்தப் பதிப்புகள் 2013-இல் வந்த 3.7 முதல் தாமாகவே ஏறிக்கொள்கின்றன. இதை அணைத்து வைப்பவர்களுக்கு 2017-ஐ நினைவூட்ட வேண்டும். அந்த ஆண்டு ஜனவரி 26 அன்று 4.7.2 வெளியானது. உள்நுழையாமலேயே யாரும் எந்தப் பதிவின் உள்ளடக்கத்தையும் மாற்றக்கூடிய ஒரு குறையை அது சத்தமில்லாமல் சரிசெய்திருந்தது. தானியங்கிப் புதுப்பிப்பு பரவுவதற்கு அவகாசம் தந்து, பிப்ரவரி 1 அன்றுதான் குறையை வெளியில் அறிவித்தார்கள். அறிவித்த சில நாள்களுக்குள் புதுப்பிக்காத தளங்களின் பக்கங்கள் கொத்துக் கொத்தாகச் சிதைக்கப்பட்டன. தானியங்கியை விட்டு வைத்தவர்கள் தூங்கி எழுந்தபோது பாதுகாப்பாக இருந்தார்கள்.

பெரிய பதிப்புகளுக்கு இரண்டு வாரம் பொறுப்பது என் வழக்கம். 2020 ஆகஸ்டில் வந்த 5.5 பதிப்பு, உலாவியில் ஓடும் பழைய ஜேக்வெரி நிரல்களைத் தாங்கி நின்ற ஒரு துணை நிரலை அகற்றியதால் பல செருகுநிரல்களும் வார்ப்புருக்களும் பாதியில் நின்றன. முதல் நாளே ஏற்றியவர்கள் காரணம் புரியாமல் தவித்தார்கள். இரண்டு வாரம் கழித்து ஏற்றியவர்களுக்குத் தீர்வு தயாராக இருந்தது. அந்த இரண்டு வாரமும், பாதுகாப்புத் திருத்தம் அடங்கிய சிறு பதிப்பு வந்தால் தானே ஏறிக்கொள்ளும் என்பதால், பொறுமைக்குப் பெரிய விலை இல்லை.

உண்மையான தலைவலி செருகுநிரல்கள்தான். அவற்றின் குறைகளை விரைவில் அடைக்கத் தானியங்கிப் புதுப்பிப்பு வேண்டும். ஆனால் தானியங்கிப் புதுப்பிப்பு என்பது முகமறியாத ஒருவருக்கு உங்கள் வீட்டுச் சாவியைக் கொடுத்து வைப்பது. 2017-இல் டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் என்ற செருகுநிரலை அதன் முதல் ஆசிரியர் விற்றுவிட்டார். சுமார் 2 லட்சம் தளங்களில் இருந்த அதில், வாங்கியவர்கள் எரிதப் (ஸ்பேம்) பக்கங்களைப் புகுத்தும் நிரலைச் சேர்த்துப் புதுப்பிப்பாகவே அனுப்பினார்கள். 2024 ஜூனில், வேறு இடங்களில் கசிந்த கடவுச்சொற்களையே மீண்டும் பயன்படுத்தியிருந்த சில ஆசிரியர்களின் கணக்குகள் வழியாக, அதிகாரபூர்வக் களஞ்சியத்திலேயே கேடு கலந்த பதிப்புகள் ஏறின. களஞ்சியத்திலிருந்து ஒரு செருகுநிரல் நீக்கப்பட்டால், உங்கள் நிர்வாகப் பலகை அதைப் பற்றி உங்களிடம் எதுவும் சொல்லாது. புதுப்பிப்பு வருவது நின்றுபோகும், அவ்வளவுதான். அமைதியாக இருக்கும் செருகுநிரல் நலமாக இருக்கிறது என்று பொருளல்ல.

நான் கடைப்பிடிக்கும் வழி இது. செருகுநிரல்கள் ஆறுக்கு மேல் போகக் கூடாது. ஏழாவது வந்தால் ஒன்று வெளியேற வேண்டும். ஆறுக்கும் தானியங்கிப் புதுப்பிப்பு உண்டு, ஆனால் அது அன்றைய காப்புநகல் முடிந்த பிறகே ஓடும். மாதம் ஒருமுறை ஒவ்வொன்றின் களஞ்சியப் பக்கத்தையும் திறந்து, பக்கம் இருக்கிறதா, ஆசிரியர் மாறினாரா என்று பார்க்கிறேன். பத்து நிமிட வேலை. இரண்டு வரி நிரலில் செய்ய முடிந்ததற்குச் செருகுநிரல் போடுவதில்லை. எல்லாவற்றையும் செய்வோம் என்று சொல்லும் பெரிய செருகுநிரல்களை, அவற்றில் ஒரே ஒரு வசதிக்காக நிறுவுவதும் இல்லை.

பி.எச்.பி.யின் பெரிய பதிப்பு மாற்றத்தை, ஒத்திகை வழங்கியில் செய்துபார்த்துவிட்டுத்தான் உண்மைத் தளத்தில் செய்ய வேண்டும். படி 3-இன் ஒத்திகையை இதனோடு இணைத்துவிட்டால் ஒரு கல்லில் இரண்டு மாங்காய். இயங்குதளத்தின் பெரிய பதிப்பை ஓடும் வழங்கியிலேயே மேம்படுத்துவதைவிட, புதிய வழங்கியில் காப்புநகலை ஏற்றி, எல்லாம் சரியான பின் டொமைனைத் திருப்பிவிடுவதையே பரிந்துரைப்பேன். பழையது ஒரு வாரம் சும்மா நிற்கட்டும்.

படி 5: சான்றிதழ்

தளத்தின் மறையாக்கத் தொடர்புக்கு (எச்டிடிபிஎஸ்) லெட்ஸ் என்கிரிப்ட் தரும் வழக்கமான சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள்கள். அதைப் பெற்றுத் தரும் செர்ட்பாட் நிரல் நாளுக்கு இருமுறை விழித்து, ஆயுள் குறைந்தவற்றைப் புதுப்பிக்கும். இது பெரும்பாலும் தானே நடக்கும், அதனாலேயே உடையும்போது யாரும் கவனிப்பதில்லை. உடைவதற்கு இரண்டு காரணங்களையே திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்: பாதுகாப்பு என்று நினைத்து 80-ஆம் வாயிலை (போர்ட்டை) மூடிவிடுவது; சான்றிதழ் வட்டில் புதிதாக வந்துவிட்டாலும் எஞ்சின்எக்ஸை மீள்ஏற்றம் செய்யாததால் பழையதே நினைவகத்தில் தங்கிவிடுவது. முன்பு காலாவதி நெருங்கினால் லெட்ஸ் என்கிரிப்ட் மின்னஞ்சல் அனுப்பும். 2025 ஜூன் 4-உடன் அந்தச் சேவையை நிறுத்திவிட்டார்கள்.

இனி இதைக் கையால் செய்வதற்கு இடமே இருக்காது. பொதுச் சான்றிதழ்களின் உச்ச ஆயுளை 2026 மார்ச் 15 முதல் 200 நாள்கள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள்கள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள்கள் என்று படிப்படியாகக் குறைக்க, சான்றிதழ் வழங்குவோரும் உலாவி நிறுவனங்களும் அமர்ந்த மன்றம் 2025 ஏப்ரலில் முடிவெடுத்துவிட்டது. ஆண்டுச் சான்றிதழை விலைக்கு வாங்கிக் கையால் ஒட்டிக்கொண்டிருப்பவர்கள் இப்போதே தானியங்கிக்கு மாறிவிடலாம்.

படி 6: வட்டு, நினைவகம், மெல்ல வளரும் குப்பை

தரவுத்தளத்துடன் இணைக்க முடியவில்லை என்ற வெற்றுப் பக்கத்தை ஒரு நாள் காண்பீர்கள். பத்தில் எட்டு முறை வட்டு நிரம்பியிருக்கும் அல்லது நினைவகம் போதாமல் கெர்னல் மரியாடிபியைக் கொன்றிருக்கும். இரண்டாவதற்கு 1 ஜிபி மாற்று நினைவகம் (ஸ்வாப்) அமைப்பதும், ஒரே நேரத்தில் ஓடும் பி.எச்.பி. செயல்களின் எண்ணிக்கையை நான்கைந்துக்குள் கட்டுப்படுத்துவதும் போதும்.

வட்டை நிரப்புபவை எவை என்று பார்த்தால், எஞ்சின்எக்ஸின் லாக் (நிகழ்வுப் பதிவு) கோப்புகளை உபுண்டுவே சுழற்றிப் பழையதை நீக்கிவிடுகிறது. அதன் கண்ணில் படாதவைதான் வளர்கின்றன. பிழை தேடும்போது இயக்கிவிட்டு மறந்த வேர்ட்பிரஸின் பிழைப் பதிவுக் கோப்பு அவற்றில் முதன்மையானது. அது வெளியிலிருந்து யாரும் படிக்கக்கூடிய கோப்பகத்தில் இருப்பது கூடுதல் ஆபத்து. காப்புநகல் செருகுநிரல்கள் தளத்துக்குள்ளேயே குவித்து வைக்கும் பழைய மூட்டைகள் அடுத்தது. மரியாடிபிக்குப் பதில் மைஎஸ்கியூஎல் 8 போட்டிருப்பவர்களுக்கு, பைனரி லாக் (தரவுத்தள மாற்றங்களின் பதிவு) இயல்பாகவே இயங்கி 30 நாள் வரை சேர்ந்துகொண்டிருக்கும். படங்கள் வேறு: நீங்கள் ஒரு படத்தை ஏற்றினால் வேர்ட்பிரஸ் மூலப்படத்தையும் வைத்துக்கொண்டு, பல அளவுகளில் நகல்களையும் உருவாக்கும். கைபேசிப் படத்தை அப்படியே ஏற்றாமல் 1,600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி ஏற்றும் பழக்கம் வட்டையும் காப்புநகலையும் சேர்த்துக் காக்கும்.

பதிவின் ஒவ்வொரு திருத்தத்தையும் முழுப் பிரதியாக, எண்ணிக்கை வரம்பின்றி வேர்ட்பிரஸ் சேமிக்கிறது. அமைவுக் கோப்பில் பத்து என்று வரம்பிடுங்கள். திட்டமிட்ட நேரத்தில் பதிவு வெளிவராமல் போவதும் பலர் சொல்லும் குறை. வேர்ட்பிரஸின் உள்கிரான், யாராவது பக்கத்தைத் திறந்தால்தான் ஓடும். வாசகர் குறைந்த தளத்தில் காலை ஆறு மணிப் பதிவு ஒன்பதுக்கு வரும். அதை அணைத்துவிட்டு, வழங்கியின் உண்மையான கிரானிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழைக்கும்படி மாற்றுங்கள்.

படி 7: கதவுகள்

வழங்கிக்குள் தொலைவிலிருந்து செல்லும் எஸ்.எஸ்.எச். நுழைவைச் சாவிக்கோப்புக்கு மட்டும் அனுமதித்து, கடவுச்சொல் முறையை அணைத்துவிட்டால், லாக் கோப்பில் தெரியும் ஆயிரக்கணக்கான முயற்சிகள் வெறும் இரைச்சலாகிவிடும். வேர்ட்பிரஸ் உள்நுழைவுக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு வையுங்கள். ஜெட்பேக் செருகுநிரலோ வேர்ட்பிரஸின் கைபேசிச் செயலியோ பயன்படுத்தாதவர்கள், வெளிச்செயலிகள் தளத்தோடு பேசும் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி கோப்பை எஞ்சின்எக்ஸிலேயே மறுத்துவிடலாம். கடவுச்சொல்லை ஊகிப்பவர்களின் விருப்பமான வாசல் அது.

பின்னூட்டங்களைப் பற்றி ஒரு கருத்து. எரிதத்தை வடிகட்ட ஆக்கிஸ்மெட் போன்றவை இருந்தாலும், வடிகட்டியில் தவறாகச் சிக்கிய நல்ல பின்னூட்டத்தைத் தேடி எடுப்பது உங்கள் வேலையாகவே இருக்கும், அதிலும் தமிழில் எழுதப்பட்டவை சிக்குவது எனக்கு அடிக்கடி நேர்ந்திருக்கிறது. 30 நாளுக்கு மேற்பட்ட பதிவுகளில் பின்னூட்டத்தைத் தானே மூடும் வசதி வேர்ட்பிரஸிலேயே உண்டு. எரிதங்களில் மிகப் பெரும்பகுதி பழைய பதிவுகளுக்கே வருவதால் அது ஒன்றே பாதிச் சுமையைக் குறைக்கும்.

படி 8: மின்னஞ்சல்

வழங்கியிலிருந்து நேரடியாக மின்னஞ்சல் அனுப்ப முயலாதீர்கள். பல மேகக் கணினி நிறுவனங்கள் 25-ஆம் வாயிலை மூடியே தருகின்றன. திறந்திருந்தாலும் அறிமுகமில்லாத ஐபி முகவரியிலிருந்து வரும் அஞ்சல் எரிதப் பெட்டிக்கே போகும். எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம். (அனுப்புநர் உண்மையானவர் என்று காட்டும் டொமைன் பதிவுகள்) இல்லாத அனுப்புநர்களை ஏற்பதில்லை என்று கூகுள் 2024 பிப்ரவரியில் விதியை இறுக்கியது. அஞ்சல் அனுப்பும் சேவை ஒன்றில் கணக்குத் தொடங்கி, அதற்குரிய பதிவுகளை டொமைனில் சேர்த்துவிடுங்கள். வாசகருக்கு அஞ்சல் அனுப்பாத தளத்துக்கும் இது வேண்டும்: செருகுநிரல் ஒன்று உடைந்து தளமே விழுந்தால், நிர்வாகிக்கு மீட்பு இணைப்பை அனுப்பும் வசதி 2019-இல் வந்த 5.2 முதல் வேர்ட்பிரஸில் இருக்கிறது. அந்த அஞ்சல் வந்து சேர்ந்தால்தான் பயன். கிட்லேப் கதையில் காணாமல்போன எச்சரிக்கைகளையும் நினைவில் கொள்ளுங்கள்.

படி 9: வெளியிலிருந்து ஒரு கண்

வழங்கி விழுந்ததை அந்த வழங்கியே சொல்ல முடியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முகப்பைத் திறந்து, அதில் ஒரு குறிப்பிட்ட சொல் இருக்கிறதா என்று பார்க்கும் வெளிச்சேவை ஒன்றை அமையுங்கள். வெற்றுப் பக்கமும் சில சமயம் 200 என்ற வெற்றிக் குறியீட்டோடு வரும் என்பதால் சொல்லைத் தேடுவது அவசியம். சான்றிதழில் 14 நாளுக்கும் குறைவாக மிஞ்சினால் எச்சரிக்கச் சொல்லுங்கள். காப்புநகல் நிரல் வெற்றியுடன் முடிந்தால் ஓர் இணைய முகவரியைத் தட்டட்டும். 26 மணி நேரத்தில் தட்டு வராவிட்டால் உங்கள் கைபேசிக்குச் செய்தி வரட்டும். தோல்வியைச் சொல்லும் ஏற்பாட்டைவிட, வெற்றி வராததைச் சொல்லும் ஏற்பாடு நம்பகமானது. என் 20 பைட்டுக் கதை நடந்த பிறகுதான் இதை அமைத்தேன்.

படி 10: நேரக் கணக்கும், முடிவெடுக்கும் நாளும்

மேலே சொன்னவற்றை அமைக்க இரண்டு வார இறுதிகள் ஆகும். அதன்பின் எனக்கு வாரம் பத்து நிமிடம், மாதம் ஒரு மணி நேரம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரை நாள், இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வழங்கி மாற்றும் ஒரு முழு வார இறுதி என்று போகிறது. இதில் எதிர்பாராத பழுதுகள் சேரவில்லை. அவை பெரும்பாலும் ஊருக்குப் போயிருக்கும்போதுதான் வருகின்றன. ஆறு மாதம் ஒரு குறிப்பேட்டில் பராமரிப்பு நேரத்தையும் எழுதிய நேரத்தையும் அருகருகே குறித்து வையுங்கள். முதலாவது இரண்டாவதை விஞ்சினால் வழியை மாற்ற வேண்டும்.

மாற்றுவழிகளில் ஒன்று, வழங்கியைக் கைவிட்டு நிர்வகிக்கப்பட்ட சேவைக்குப் போவது. அங்கே படி 2-உம், காப்புநகலின் ஒரு பகுதியும் மட்டும் உங்களோடு வரும். மற்றொன்று ஹியூகோ, ஜெகில் போன்ற கருவிகளால் நிலைப்பக்கங்களை (முன்பே ஆயத்தமாக்கிய மாறாத கோப்புகளை) உருவாக்குவது. பி.எச்.பி., தரவுத்தளம், செருகுநிரல், உள்நுழைவுப் பக்கம் ஆகிய நான்கும் ஒரே அடியில் மறைந்துவிடுவதால் சுமை பெருமளவு இறங்கும். ஆனால் கருவியின் புதிய பதிப்பு பழைய வார்ப்புருவை உடைக்கும் சிக்கல் இங்கும் உண்டு. ஹியூகோ ஒரே இயக்குகோப்பு என்பதால், உங்கள் தளத்தை உருவாக்கும் அந்தப் பதிப்பையே பதிவுகளோடு சேர்த்துக் காப்புநகலில் வைத்துக்கொள்ளலாம்; புதுப்பிக்க வேண்டிய அவசரம் எதுவும் இராது.

எந்த வழிக்கு மாறினாலும், பழைய பதிவுகளின் முகவரிகளைத் தமிழ்ப் பதிவர்கள் தனியே கவனிக்க வேண்டும். வேர்ட்பிரஸ், பதிவின் முகவரிப் பெயரை 200 எழுத்துகளுக்குள் சேமிக்கிறது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் சதவீதக் குறியீட்டு வடிவில் 9 எழுத்துகளாக விரிவதால், 22 குறிகளோடு இடம் தீர்ந்துவிடும். "வலைப்பதிவு பராமரிப்பு" என்ற இரண்டு சொல்லும் நடுவிலுள்ள இணைப்புக்கோடும் சேர்ந்தே 181 எழுத்துகள். மூன்றாம் சொல் பாதியில் வெட்டுப்படும். புதிய கருவி தலைப்பிலிருந்து முழு முகவரியைத் தானே உருவாக்கும், அது பழைய வெட்டுப்பட்ட முகவரியோடு பொருந்தாது, உள்ளே வரும் இணைப்புகள் எல்லாம் காணவில்லை என்ற பக்கத்தில் போய் முட்டும். ஆகவே தரவுத்தளத்திலிருந்து முகவரிப் பெயர்களை முதலில் ஒரு பட்டியலாக வெளியேற்றி, புதிய தளத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் அதே பெயரை வெளிப்படையாகக் கொடுங்கள்.

எழுதுவதையே நிறுத்திவிட்டவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. டபிள்யூகெட் போன்ற கருவியால் தளத்தின் எல்லாப் பக்கங்களையும் நிலைக்கோப்புகளாக இறக்கி, அதே முகவரிகளில் எஞ்சின்எக்ஸ் அவற்றைத் தரும்படி செய்து, இணைப்புகள் வேலை செய்கின்றனவா என்று இரண்டு வாரம் கவனித்துவிட்டு, பி.எச்.பி.யையும் மரியாடிபியையும் நீக்கிவிடுங்கள். கடைசித் தரவுத்தள நகலை மட்டும் இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் அந்தத் தளத்துக்காக நாட்காட்டியில் மிஞ்சுவது இயங்குதளத்தின் மறுதொடக்கமும், அதன் ஆதரவு முடியும் தேதியும், சான்றிதழ் எச்சரிக்கையும், டொமைனுக்குப் பணம் கட்டும் நாளும்தான்.